கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்றால் பாக்டீரியாவே இல்லையா?

பாம்பன்வாசி:
வணக்கம். ஞாயிறன்று நண்டுக் குழம்பு சாப்பிட்ட என் தந்தைக்கு அன்றிரவே வயிற்றுவலியும் தண்ணீராகப் பேதியும் தொடங்கின. மருந்துக் கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரை இரண்டை விழுங்கிய பிறகே மலத்தை டப்பாவில் எடுத்து, இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, காலையில் ராமநாதபுரத்தில் ஒரு லேபில் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குக் கொடுத்தோம். 'சால்மொனெல்லா, ஷிகெல்லா வளரவில்லை' என்று மட்டுமே அறிக்கை வந்துள்ளது. பாக்டீரியாத் தொற்று இல்லை என்று கொள்ளலாமா?

பழைய டெக்னீஷியன்:
கொள்ள இயலாது, ஐயா. பேதி உண்டாக்கும் அந்த இரண்டு பாக்டீரியாக்களும் வளரவில்லை என்பதற்கு மேல் அறிக்கை எதையும் சொல்லவில்லை. நண்டு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ். 1950இல் ஜப்பானின் ஒசாகாவில் அரைகுறையாக உலர்த்திய மீன்குஞ்சுகளை உண்டவர்களிடம் முதலில் பிடிபட்ட, உப்பை விரும்பும் கடல்வாழ் கிருமி அது. கிருமியை வளர்க்க வழக்கமாக மலத்தைப் பூசும் மெக்கான்கி, எக்ஸ்.எல்.டி. எனும் ஊட்டக்கூழ்த் தட்டுகளில் இது எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால், காரத்தன்மையுள்ள பெப்டோன் நீரில் (கிருமிக்கு உணவாகும் புரதச்சத்து கலந்த நீர்) சில மணி நேரம் பெருகவிட்டு, விப்ரியோ வகைக் கிருமிகளுக்கான டி.சி.பி.எஸ். தட்டில் பூச வேண்டும். அத்தட்டில் காலராக் கிருமி சுக்ரோஸ் என்ற சர்க்கரையைப் புளிக்கவைத்து மஞ்சள் புள்ளிகளாகத் தெரியும். இதுவோ அதைப் புளிக்கவைக்காததால் பச்சையாகவே நிற்கும். கேட்டால்தான் பல லேப்களில் இந்தத் தட்டை எடுப்பார்கள். லேபில் கொடுத்த படிவத்தில் 'கடலுணவு உண்டவர்' என்று எழுதியிருந்தார்களா?

தொண்டி செவிலியர்:
ஃப்ரிட்ஜும் ஒரு காரணமாக இருக்கலாம், ஏனெனில் விப்ரியோ குளிரைத் தாங்காது. மாத்திரைக்கு முன்பே எடுத்து, இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். தாமதமாகும் என்றால் கிருமி சாகாமல் காக்கும் கேரி-பிளேர் குழாயை லேபில் கேட்டு வாங்கி, மலத்தை அதில் இட்டு அறை வெப்பநிலையிலேயே வைக்கலாம். கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆர். சோதனை சில மணி நேரத்தில் விடை தரும், செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் காட்டிவிடும், ஆனால் எந்த மருந்து கேட்கும் என்பதை அறியக் கிருமியை உயிரோடு வளர்த்தே ஆக வேண்டும்.

பழைய டெக்னீஷியன்:
சரியாகச் சொன்னீர்கள், அம்மா.

பாம்பன்வாசி:
இருவருக்கும் நன்றி. உப்பு-சர்க்கரைக் கரைசலிலேயே தந்தைக்குப் பேதி நின்றுவிட்டதால் மறுபரிசோதனை தேவையில்லை என்று மருத்துவர் கூறினார். படிவத்தின் நகலை இப்போதுதான் பார்த்தேன். 'பேதி' என்ற ஒரு சொல்தான் இருக்கிறது.