தோள்பட்டை ஸ்கேன்: ஒரே படத்துக்கு மூன்று விதமான கிரேடு, வழி சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் மூன்று ரேடியாலஜிஸ்ட்கள். பழைய தோள்பட்டை அல்ட்ராசவுண்ட் படங்களைத் தனித்தனியாகப் பார்த்து, தசைநாண் பாதிப்புக்கு 0 முதல் 3 வரை கிரேடு போட்டு வருகிறோம். தசைநாண் முழுதாகக் கிழிந்திருந்தால் சிக்கலே இல்லை, மூவரும் ஒன்றையேதான் எழுதுகிறோம். பாதிக் கிழிசலா, வெறும் டெண்டினோசிஸா (கிழியாமல் தசைநாண் நைந்துபோவது) என்று வரும்போதுதான் ஆளுக்கொரு பதில்.

நேற்று ஒரு சுப்ராஸ்பைனேட்டஸ் (தோளின் மேல்பக்கத் தசை) படம். எலும்பில் ஒட்டும் இடத்தில் சின்னதாக ஒரு கறுப்புத் திட்டு. கிழிசல் என்றே எழுதிவிட்டேன். அப்புறம் பார்த்தால், புரோபை (தோலில் வைக்கும் ஸ்கேன் கருவியை) கொஞ்சம் சாய்த்து எடுத்த அடுத்த படத்தில் அந்தத் திட்டையே காணோம். வெறும் அனிசோட்ராபி, அதாவது ஒலி அலை சாய்வாகப் பட்டதால் தசைநாண் கறுப்பாகத் தெரிந்த மாயத் தோற்றம்! நோயாளிக்குச் சொல்லும் சிகிச்சையே இதனால் மாறிவிடலாம் என்பதால் மனசு கேட்கவில்லை.

கிரேடு போடுபவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று அளந்து பார்த்தவர்களிடம் கேட்கிறேன். கிரேடுக்கு வரிசை உண்டு என்பதால் எடையிட்ட கப்பாதான் (இருவர் ஒத்துப்போவதை அளக்கும் எண்; கிரேடு அதிகம் விலகினால் அதிகம் குறையும்) சரி என்று நினைக்கிறேன். இரண்டு பேருக்கு மேல் இருந்தாலும் போடக்கூடிய ஃப்ளைஸ் கப்பா அந்த வரிசையைக் கணக்கில் எடுப்பதில்லை. மூன்று பேர் என்றால் இரண்டிரண்டு பேராகக் கணக்கிடுவதா, எல்லோரையும் சேர்த்து ஒத்துப்போவதை அளக்கும் ஐசிசி (இன்ட்ராகிளாஸ் கோரிலேஷன்) போடுவதா? அசையாப் படங்களுக்குப் பதில் வீடியோ கிளிப் கொடுத்தால் ஒத்துப்போவது கூடியதா? அதே ஆள் அதே படத்தை மறுபடி பார்க்க எத்தனை வாரம் இடைவெளி விட்டீர்கள்? தொடங்கும் முன் மாதிரிப் படங்களை வைத்து எல்லோரும் சேர்ந்து பயிற்சி எடுத்தீர்களா? உங்கள் அனுபவத்தைக் கட்டாயம் எழுதுங்கள்.