டெபியன் பேக்கேஜிங் குறிப்புகள் குப்பையாகக் கிடக்கின்றன, எங்கிருந்து தொடங்குவது?

அஸ்தம்பட்டி_வாசி:
சேலத்தில் நாங்கள் சில பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு மென்பொருளைப் பேக்கேஜ் செய்ய, அதாவது நிறுவத் தயாரான டெப் கோப்பாக்கக் கற்றுத்தருகிறோம், வருபவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். பல வருஷமாக ஆளாளுக்கு எழுதிச் சேர்த்த தமிழ்க் குறிப்புகள் ஒரு கிட் களஞ்சியத்தில் (மாற்றங்களைப் பதிந்து கோப்புகளைப் பகிரும் இடம்) இருக்கின்றன, திறந்தால் தலை சுற்றுகிறது. பேக்கேஜ் செய்ய உதவும் டெப்ஹெல்பர் கருவி எந்த நிலைப்படி நடக்க வேண்டும் என்று சொல்ல, ஒரு பக்கம் டெபியன் கோப்புறைக்குள் கம்பாட் என்று ஒரு கோப்பு வைத்து அதில் 9 என்று எழுதச் சொல்கிறது. இன்னொரு பக்கம், பேக்கேஜின் விவரம் எழுதும் கண்ட்ரோல் கோப்பில், பில்ட் செய்யத் தேவையானவற்றைச் சொல்லும் பில்ட்-டிபெண்ட்ஸில் டெப்ஹெல்பர்-கம்பாட் (= 13) போட்டால் போதும் என்கிறது. போன வாரம் வந்த பெண் இரண்டையும் செய்துவிட்டார், பில்ட் அங்கேயே நின்றுவிட்டது, ஏனென்றால் இரண்டு இடத்திலும் சொன்னால் டெப்ஹெல்பர் ஏற்காது. அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை, எங்கள் குறிப்பு சொன்னதைத்தான் செய்தார். இது போதாதென்று பழைய இணைப்புகள் பல இன்னும் டெபியனின் பழைய களஞ்சியத் தளமான ஆலியாத்துக்குப் போகின்றன, அதை 2018-லேயே மூடி எல்லாம் புதிய தளமான சல்சாவுக்கு வந்தாயிற்று. மொத்தமாகத் தூக்கிவிட்டுப் புதிதாக எழுதலாமா, பக்கம் பக்கமாகத் திருத்தலாமா?

செவ்வாய்ப்பேட்டை_லினக்ஸ்:
இரண்டும் வேண்டாங்க, முதலில் வெட்டுங்கள். டெபியனின் விதித் தொகுப்பான பாலிசியிலிருந்து தமிழில் பெயர்த்து வைத்த பகுதிகள் அதில் இருக்கும், அவற்றை எடுத்துவிடுங்கள். பாலிசி மாறிக்கொண்டே இருக்கும், உங்கள் நகல் மாறாது. புதியவர்களுக்கான பழைய கையேட்டுக்குப் பதிலாக இப்போது டெப்மேக்-டாக் இருக்கிறது, அதைக் கைகாட்டினால் போதும்.
நீங்கள் எழுத வேண்டியது ஒரே ஒரு சின்ன மென்பொருளை ஆரம்பத்திலிருந்து டெப் கோப்பு வரும்வரை கொண்டுபோகும் ஒரு பாடம். அதை எழுதியவரின் லேப்டாப்பில் சோதித்தால் செல்லாது, அங்கே தேவையான நூலகங்கள் எல்லாம் ஏற்கெனவே ஏறியிருக்கும், பில்ட்-டிபெண்ட்ஸில் ஒன்று விட்டுப்போனால்கூடத் தெரியாது. எஸ்பில்ட் என்ற கருவியில், கூடுதலாக எதுவும் ஏறாத சுத்தமான சூழலில் ஓட்டிப் பாருங்கள்.

ஏற்காடு_மேலே:
அண்ணா, வெட்டுவது சரி, ஆனால் இணைப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். இங்கே எஸ்டேட் பக்கம் போனால் சிக்னல் வரும் போகும், இங்கிருந்து இறங்கி வரும் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து படிக்க வேண்டாமா? டெபியன்-பாலிசி, டெபியன் உருவாக்குநர்களுக்கான டெவலப்பர்ஸ்-ரெஃபரன்ஸ், டெப்மேக்-டாக் மூன்றுமே பேக்கேஜாகவே கிடைக்கின்றன. வகுப்பு நடக்கும்போதே டெபியனின் நிறுவும் கருவியான ஆப்ட் வழியாக நிறுவச் சொல்லிவிட்டால் நெட் இல்லாமலே படிக்கலாம். முதல் பக்கத்தில் இதை எழுதுங்கள்.
அப்புறம், கம்பாட் கோப்பைப் பற்றிய பேச்சையே அழித்துவிடக் கூடாது. பழைய பேக்கேஜ் ஒன்றைத் திருத்த எடுத்தால் அது உள்ளே இருக்கும், பிள்ளை முழிக்கும். "இது பழைய முறை, இதை நீக்கிவிட்டுக் கண்ட்ரோலில் இப்படி எழுது" என்று இரண்டு வரி இருக்கட்டும்.

ஓமலூர்_ரோடு:
யாரும் சொல்லாத ஒன்று: மாதிரிக் கோப்புகள். பில்ட் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் ரூல்ஸ் கோப்பு ஒரு மேக்ஃபைல் (மேக் கருவிக்கான கட்டளைக் கோப்பு), அதில் கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும். வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்தால் டேப் பல சமயம் வெற்று இடைவெளியாகி "மிஸ்ஸிங் செபரேட்டர்" என்று வந்து நிற்கும். மாற்றங்களைப் பட்டியலிடும் சேஞ்ச்லாக் கோப்பு இன்னும் மோசம், கடைசி வரி ஒரு இடைவெளி, இரண்டு சிறுகோடு, பெயர், மின்னஞ்சல் என்று போய்த் தேதிக்கு முன்னால் சரியாக இரண்டு இடைவெளி கேட்கும். வேர்டிலோ வாட்ஸப்பிலோ போய்வந்தால் அந்த இரண்டு சிறுகோடு ஒரே நீளக்கோடாகக்கூட மாறியிருக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது, புதிதாக வந்த பிள்ளை தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு போய்விடும், அதுதான் எனக்கு வருத்தம். மாதிரிகளைப் பக்கத்துக்குள் ஒட்டாமல் களஞ்சியத்தில் நிஜக் கோப்பாக வையுங்கள், குளோன் செய்து எடுக்கட்டும். சல்சாவில் வைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பில்டும், பேக்கேஜில் தவறு தேடும் லின்டியனும் தானாக ஓடும்படி அமைத்துக்கொள்ளலாம், பாடம் பழசானால் அதுவே கத்தும்.

அஸ்தம்பட்டி_வாசி:
எல்லோருக்கும் நன்றி. வெட்டும் வேலையை இந்த ஞாயிறே ஆரம்பிக்கிறோம், ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எந்த டெபியனில் சோதித்தது என்று எழுதிவிடலாம் என்றிருக்கிறேன். பைத்தான் மென்பொருளைப் பேக்கேஜ் செய்யும் பக்கம்தான் கவலையாக இருக்கிறது, முழுக்க பைத்தானின் பழைய பில்ட் கருவியான டிஸ்ட்யூட்டில்ஸை நம்பி எழுதியது, அது பைத்தான் 3.12-லேயே போய்விட்டது.

ஏற்காடு_மேலே:
அதை என்னிடம் விடுங்கள். பைப்ராஜெக்ட் டாமல் என்ற அமைப்புக் கோப்பு வைத்த பைத்தான் மென்பொருளுக்குப் பில்ட்-டிபெண்ட்ஸில் பைபில்ட்-பிளகின்-பைப்ராஜெக்ட் சேர்க்க வேண்டும், அங்கிருந்தே தொடங்கி எழுதுகிறேன். டெபியன் 13-ல் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அனுப்புவேன், அதனால் கொஞ்சம் நாளாகும்.