சிடி ஸ்கேன் எடுத்தாச்சு, ரிப்போர்ட் ஏன் தாமதம்?

சுங்கை சிப்புட் வாசகர்: தோட்டத்திலிருந்து பெரிய அரசாங்க மருத்துவமனைக்குப் போய் வயிற்று சிடி எடுத்தால், படம் சில நிமிடத்தில் முடிகிறது. ரிப்போர்ட்டுக்கு ஏன் இவ்வளவு காத்திருப்பு?

பதில் 1: படம் எடுப்பவர் எக்ஸ்ரே ஊழியர்; ரிப்போர்ட் எழுத, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் ரேடியாலஜி டாக்டர் வேண்டும். ஒரு வயிற்று சிடியில் நூற்றுக்கணக்கான படங்கள். பழைய ஸ்கேனோடும் ஒப்பிடணும். நடுவில் பக்கவாதம், விபத்து கேஸ் வந்தால் அவசரமில்லாதது பின்னால் போகும்.

பதில் 2: ரேடியாலஜி டாக்டர் ஆக, ஹவுஸ்மேன் (பயிற்சி டாக்டர்) காலம் முடிந்து, அதற்குமேல் 4 ஆண்டு முதுநிலைப் படிப்பு. முடித்தவரைத் தனியார் மருத்துவமனை இழுக்கிறது. மெஷின் வாங்குவதைவிட இவர்களைத் தக்கவைப்பதே முக்கியம்.

பதில் 3: நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு இருந்தால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தச் சோதனையை முன்கூட்டியே முடிங்க. அது இல்லாவிட்டால் படம் தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றத் தயங்குவார்கள், தேதி தள்ளும். தனியாரில் எடுத்த பழைய சிடி ஸ்கேன் டிஸ்க்கையும் கொண்டு போங்க. கண் மஞ்சளானாலோ வலி கூடினாலோ ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்க.