மஞ்சள் அட்டை, கிணறு, சேலம் நண்பர்

படிக்க நினைக்கும் புத்தகங்களை எப்படிக் குறித்து வைக்கிறீர்கள், அதில் அசடு வழிந்த கதை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையது நந்தனம் மைதானத்தில் நடந்தது, பொங்கல் விடுமுறையில்.

பட்டியல் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் புத்தகக் காட்சிக்குப் போனேன். கைபேசியில் 63 வரிகள். உள்ளே நின்று திறந்து பார்த்தால், பதினோராவது வரி இப்படி இருக்கிறது: "மஞ்சள் அட்டை, கிணறு, சேலம் நண்பர்." எழுதியது நான்தான். எழுதிய அன்றைக்கு எல்லாம் புரிந்துதான் இருந்திருக்கும்.

கடையில் இருந்தவர் பொறுமைசாலி. "யார் எழுதினது சார்?" தெரியாது. "எந்தப் பதிப்பகம்?" அதுவும் தெரியாது. மஞ்சள் அட்டை என்றேன். திரும்பித் தன் பின்னால் இருந்த அடுக்கைப் பார்த்தார். பாதிக்குப் பாதி மஞ்சள். நண்பனைக் கூப்பிட்டால் அந்தக் கூட்டத்தில் லைன் கிடைக்கவில்லை. வெளியே வந்து பஜ்ஜிக் கடை ஓரமாக நின்று பேசினேன். "அட்டை பச்சைடா. கிணறு ஒரே ஒரு அத்தியாயத்துலதான் வரும்" என்றான்.

மற்ற வரிகளில் ஆசிரியர் பெயர் இருந்தது. ஆனால் அங்கே அது பாதி உதவிதான். அரங்குகள் பதிப்பகம் பதிப்பகமாகத்தான் இருக்கும். நூற்றுக்கணக்கான அரங்குகளுக்கு நடுவே ஆசிரியர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றினால் கால் வலிதான் மிச்சம். பழைய நாவலென்றால் இன்னும் சிக்கல். பதிப்பகம் மாறியிருக்கும், அட்டையும் மாறியிருக்கும். அப்படிப் புது அட்டையில் பார்த்து ஆசையாக வாங்கிய ஒன்று வீட்டு அலமாரியில் பழைய அட்டையோடு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. பத்து சதவீதத் தள்ளுபடி கிடைத்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இப்போது பதிப்பகத்தின் பெயரைத்தான் முதலில் எழுதுகிறேன். கூடவே யார் சொன்னார், எதற்காகச் சொன்னார் என்று அரை வரி. இந்த அரை வரிதான் முக்கியம் என்பேன். தலைப்பு மட்டும் இருந்தால் ஆறு மாதம் கழித்து அதைப் பார்க்கும்போது ஒன்றும் தோன்றாது. "பக்கத்து சீட்டு அக்கா, பஸ்ஸில் படித்து அழுதுகொண்டே வந்தார்" என்று இருந்தால் அன்றைக்கே தேடத் தோன்றும்.

படித்ததையும் படிக்க வேண்டியதையும் பட்டியலிடும் இணையதளமான குட்ரீட்ஸையும் முயன்றேன். ஆங்கிலப் புத்தகங்களுக்குச் சரி. தமிழ்ப் புத்தகம் ஒன்றே தமிழ் எழுத்தில் ஒரு தடவையும் ஆங்கில எழுத்தில் வேறுவேறு விதமாகவும் கிடக்கிறது. ழகரம் வந்தால் கேட்கவே வேண்டாம். அச்சில் இல்லாதவற்றுக்குத் தனிப் பக்கம் வைத்திருக்கிறேன். அதோடு சென்னை கன்னிமாரா பொது நூலகத்துக்குப் போவேன். இந்தியாவில் அச்சாகும் நூல்களில் ஒரு பிரதி அங்கே வரவேண்டும் என்று 1954இலேயே சட்டம் இருக்கிறது. எல்லாம் வந்துவிடுகிறது என்று சொல்லமாட்டேன். ஆனாலும் எனக்கு மூன்று புத்தகங்கள் அங்கேதான் கிடைத்தன.

*

உங்களுக்காவது 63 வரி. என்னிடம் இருப்பதெல்லாம் ஸ்கிரீன்ஷாட். யாராவது ஒரு புத்தகத்தைப் பாராட்டினால் சட்டென்று எடுத்து வைத்துவிடுவேன். அவை கேஸ் பில், பையனின் தடுப்பூசி அட்டை, கோலப் படங்களுக்கு நடுவே கிடக்கின்றன. போன மாதம் உட்கார்ந்து தேடியதில் ஒரே புத்தகத்தை நான்கு தடவை எடுத்திருக்கிறேன், நான்கு வெவ்வேறு ஆட்கள் சொன்னது. நான்கு பேர் சொன்ன பிறகும் வாங்காமல் இருந்தது அசிங்கமாகப் போய், அன்று இரவே ஆர்டர் போட்டேன். வந்துவிட்டது. இன்னும் பிரிக்கவில்லை, அது வேறு கதை.

*

எங்கள் அம்மாவின் முறையைச் சொல்கிறேன். தினசரி நாள்காட்டித் தாளைக் கிழித்ததும் எறியமாட்டார். ரேடியோவிலோ வார இதழிலோ ஒரு புத்தகத்தைப் பற்றி வந்தால், தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவிடுவார். தேதியைத் தனியாக எழுத வேண்டியதில்லை, முன்பக்கம் அச்சிட்டே இருக்கிறது. ராகுகாலம், சந்திராஷ்டமம் உட்பட. கிளை நூலகத்துக்குப் போகிற அன்று நான்கைந்து தாள்களை மணிபர்ஸில் வைத்துக்கொள்வார். கிடைத்துப் படித்துவிட்டால் தாள் அடுப்பங்கரைக்குப் போகும், எண்ணெய்ச் சட்டி துடைக்க.

தீபாவளிக்குப் போனபோது பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் 2009ஆம் வருடத்துத் தாள் ஒன்று. இதை ஏன் இன்னும் படிக்கவில்லை என்று கேட்டேன்.

"அது ரெண்டு பாகம்டி. உன் கல்யாணம் முடியட்டும்னு வெச்சிருந்தேன்."

எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகிறது.