அடுக்ககக் கழிவுநீருக்குச் சவ்வு வடிகட்டல் (எம்.பி.ஆர்.) பொருந்துமா?

கேள்வி – புறநகர்வாசி64

அனைவருக்கும் வணக்கம். தென்சென்னைப் புறநகரில் 64 வீடுகள் கொண்ட எங்கள் அடுக்ககத்துக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லை. காற்றூட்டத் தொட்டி, படிவுத் தொட்டி, மணல் வடிகட்டி, கரி வடிகட்டி என்ற பழைய அமைப்பில் சுத்திகரித்து வருகிறோம். ஆனால் வெளிவரும் நீர் கலங்கலாகவும் நாற்றத்துடனும் இருப்பதால், கழிப்பறைத் தொட்டிகளில் அதை நிரப்பக் குடியிருப்போர் சம்மதிப்பதில்லை. ஆகவே ஒரே வாசலில் ஒரு லாரி நல்ல நீரை இறக்கிச் செல்ல, இன்னொரு லாரி கழிவுநீரை ஏற்றிச் செல்கிறது.

இருக்கும் காற்றூட்டத் தொட்டியிலேயே நுண்துளைச் சவ்வுகளைப் பொருத்தி எம்.பி.ஆர். (நுண்ணுயிர்த் தொட்டியும் சவ்வு வடிகட்டியும் சேர்ந்த அமைப்பு) ஆக மாற்றிவிடலாம் என்று ஓர் ஒப்பந்தக்காரர் கூறுகிறார். எவ்வளவு சவ்வு தேவைப்படும்? மின்செலவு கட்டுப்படியாகுமா? எங்கள் போர்வெல் நீரில் உப்பு அதிகம். அதுவும் இதில் நீங்கிவிடுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 – நீர்ப்பொறி

உப்பைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: நீங்காது. எம்.பி.ஆரில் பயன்படும் சவ்வின் துளைகள் பெரும்பாலும் 0.03 முதல் 0.4 மைக்ரான் வரை இருக்கும். சேறும் பாக்டீரியாவும் அதைத் தாண்ட முடியாது. கரைந்த உப்பு தடையின்றித் தாண்டிவிடும். உப்பை நீக்க ஆர்.ஓ. வேண்டும், ஆனால் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் அந்தச் செலவு வீண்.

கரைந்த அமோனியாவும் உப்பைப் போலவே தாண்டும் என்பதைத்தான் நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டும். அழுக்கை உண்டு தீர்ப்பவை காற்றூட்டத் தொட்டியில் உள்ள நுண்ணுயிர்கள். அவற்றை நீரிலிருந்து பிரித்து நிறுத்துவது மட்டுமே சவ்வின் வேலை. மின்கட்டணத்துக்கு அஞ்சி இரவில் புளோயரை (தொட்டிக்குக் காற்றூட்டும் இயந்திரத்தை) நிறுத்தும் வழக்கம் உங்கள் அடுக்ககத்திலும் இருக்குமானால், எத்தனை லட்சத்துக்குச் சவ்வு வாங்கினாலும் கண்ணாடி போன்ற நீர் நாற்றத்தோடுதான் வரும்.

வீட்டுக்கு 3.5 பேர், தலைக்கு 135 லிட்டர், அதில் 80 விழுக்காடு கழிவுநீர் என்று கொண்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 24,000 லிட்டர் வரும். ஒரு சதுர மீட்டர் சவ்வு மணிக்கு 15 லிட்டர் வீதம் 20 மணி நேரம் வடிப்பதாக வைத்தால், 80 சதுர மீட்டர் போதும். விருந்தினர் வரும் நாட்களையும் கழுவும் நேரத்தையும் கருதி 100 கேளுங்கள். மணிக்கு 30 லிட்டர் வடியும் என்று சொல்லிச் சவ்வின் பரப்பைக் குறைத்துக் காட்டும் விலைப்புள்ளியை நம்ப வேண்டாம். மின்சாரம் ஆயிரம் லிட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் வரை ஆகலாம். சிறிய நிலையங்களில் இன்னும் கூடும். சவ்வு அடைபடாமல் இருக்க அதன் அடியிலிருந்து ஓயாமல் காற்றுக் குமிழிகளை எழுப்ப வேண்டியிருப்பதே இதற்குக் காரணம். முன்பு சவ்வைத் தொட்டிக்கு வெளியே வைத்து அழுத்தத்தில் நீரைச் சுழற்றினார்கள். அதைத் தொட்டிக்குள்ளேயே மூழ்கவைத்து மெல்ல உறிஞ்சும் முறையை 1989-இல் ஜப்பானில் யமமோட்டோ குழுவினர் முன்வைத்த பிறகே செலவு இந்த அளவுக்காவது இறங்கியது.

உங்கள் தொட்டியிலேயே பொருத்தலாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்வது சரியே. படிவுத் தொட்டியை நம்பியிருக்கும்போது லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் அளவில் வைத்திருக்கும் நுண்ணுயிர்ச் சேற்றை, சவ்வு இருந்தால் 8,000 முதல் 12,000 வரை உயர்த்தலாம். அதனால் சிறிய தொட்டியும் தாங்கும்.

பதில் 2 – மூன்றாம்மாடி

எங்கள் அடுக்ககத்தில் நடந்ததையும் சொல்கிறேன். சவ்வுகள் சேமியாவைத் தொங்கவிட்டது போன்ற இழைகள். ஆறே மாதத்தில் நீர் வரத்து பாதியாகக் குறைந்தது. இழைகளைத் தாங்கும் கூட்டை வெளியே தூக்கியபோது, தலைமுடியும் ஈரத்துடைப்பான் நாரும் இழைகளின் மேல்நுனியில் சடை பின்னியதுபோல் இறுகிக் கிடந்தன. அதைக் கத்தரித்து எடுப்பதற்குள் நூற்றுக்கணக்கான இழைகள் அறுந்தன. அதோடு நிற்கவில்லை. தொட்டியைத் தூர்வாரிய இரண்டு நாட்களும் பராமரிப்பு ஆட்கள் கூட்டை வெயிலில் சாய்த்து வைத்துவிட்டார்கள். ஈரம் உலர்ந்தால் சவ்வின் துளைகள் நீரை ஏற்காது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. புதுச் சவ்வு வாங்க நேர்ந்தது.

பதில் 3 – நீர்ப்பொறி

மூன்றாம்மாடி சொன்ன முடிப் பிரச்சினைக்குத் தீர்வு, கழிவுநீர் நுழையும் இடத்தில் 1 முதல் 2 மில்லிமீட்டர் துளையுள்ள சல்லடைதான். சமையலறை நீருக்கு எண்ணெய்ப் பொறியும் (எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் தொட்டி) வேண்டும். உறிஞ்சும் பம்ப்பின் அழுத்தமானியைக் காவலரிடம் சொல்லித் தினமும் குறித்து வையுங்கள். தொடக்கத்தில் 0.1 பார் (அழுத்த அலகு) அளவுக்குள் நிற்கும் முள் மெல்ல ஏறி 0.3-ஐ நெருங்கினால் கழுவும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். உயிர்ப் படிவுக்குச் சோடியம் ஹைப்போகுளோரைட், போர்வெல் நீரால் படியும் சுண்ணாம்புக்குச் சிட்ரிக் அமிலம். இரண்டையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். ஒன்றை முற்றாக அலசிய பிறகே மற்றது.

நீர் தெளிவாக வந்தாலும் இளமஞ்சள் சாயல் சற்று இருக்கக்கூடும். வெள்ளைக் கழிப்பறையில் அது கண்ணில் படும் என்பதால் குடியிருப்போரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழாயில் நிற்கும்போது மீண்டும் கிருமி வளரும். ஆகவே சிறிது குளோரின் சேர்ப்பதைக் கைவிட வேண்டாம்.

பதில் 4 – புறநகர்வாசி64

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை நாங்கள் மூன்று பேர் போய்ப் பார்த்தோம். புளோயர் இரவு பத்து மணிக்கு நிறுத்தப்பட்டுக் காலை ஆறுக்கு ஓடவிடப்படுவதாகக் காவலர் தயங்கித் தயங்கிச் சொன்னார். சல்லடைக் கம்பிகளுக்கு நடுவே என் கட்டைவிரல் தாராளமாக நுழைகிறது. சவ்வு விலைப்புள்ளியை இரண்டு மாதம் ஒத்திவைத்து, நுண்சல்லடை பொருத்தி, புளோயரை இரவிலும் ஓட்டிப் பார்க்கச் சங்கத்தில் முடிவு செய்திருக்கிறோம். பலன் என்னவென்று இங்கேயே எழுதுகிறேன்.