புதுப்பிப்பு: வாள் குறி போட்ட அந்தப் பீங்கான் தட்டு

கடையில் பார்த்த தட்டின் அடியில் நீலத்தில் குறுக்கு வாள் குறி இருக்கிறது, ஜெர்மனியின் மைசென் பீங்கான் ஆலையில் செய்ததுதானா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். குறியை மட்டும் நம்பாதே என்று பலர் சொன்னீர்கள், நியாயம்தான், 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் சாம்சன் நிறுவனம் உட்பட எத்தனையோ பேர் அதைப் போலவே போட்டிருக்கிறார்கள். விஷயம் தெரிந்த நண்பரைக் கடைக்கே கூட்டிப்போனேன். களிமண், எடை, மெருகுக்கு (மேலே உள்ள கண்ணாடி போன்ற பூச்சுக்கு) அடியில் கோபால்ட் நீலம் பதிந்திருக்கும் விதம் எல்லாம் பார்த்துவிட்டு மைசென்தான் என்றார்.

அப்புறம்தான் லென்ஸைக் கொடுத்தார். வாள்களின் மேல் மெருகை அறுத்துக்கொண்டு இரண்டு கீறல். தற்செயலாக விழுந்ததில்லை, ஆலையே வேண்டுமென்று போட்டது. குறையுள்ள சரக்கை அப்படிக் கீறித்தான் விற்பார்கள், வெள்ளையாக வெளியே போனதை வேறு ஓவியர்கள் வாங்கித் தீட்டுவதும் உண்டு. இதில் பூக்களின் பச்சை கொஞ்சம் தடித்திருப்பதால் ஓவியம் வெளியில் தீட்டியது என்பது அவர் ஊகம், எனக்கும் அப்படித்தான் படுகிறது.

பக்கத்திலிருந்த 'வெண்கல' வேட்டைக்காரன் சிலை வெறும் துத்தநாகக் கலவை, அடியில் சுரண்டியதும் சாம்பல் நிறம் தெரிந்தது.

தட்டு எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. முதல்தர விலையில் இருந்து கடைக்காரர் இறங்கினால் வாங்குவேன், இன்னும் இறங்கவில்லை.