புதுப்பிப்பு: 27 எச்பி மினி டிராக்டருக்கு நான்கடி ரோட்டவேட்டர் எடுத்தாச்சு

போன பதிவில் கேட்டது இதுதான்: கரிசல் நிலம், 27 எச்பி மினி டிராக்டர், ரோட்டவேட்டர் (சுழலும் பிளேடுகளால் மண்ணைக் கிளறிக் கட்டி உடைக்கும் கருவி) நான்கடி அகலமா, ஐந்தடியா? நான்கடியே எடுத்துவிட்டேன்.

ஐந்தடி என்றால் வேலை சீக்கிரம் முடியும் என்றார்கள். எஞ்சினில் 27 எச்பி இருந்தாலும் பிடிஓ-வுக்கு (கருவியைச் சுழற்ற டிராக்டரின் பின்னால் இருக்கும் தண்டு) வந்து சேர்வது ஏறக்குறைய 22, 23 தான். கரிசலில் அகலக் கருவியை இழுத்தால் எஞ்சின் திணறும், பிடிஓ-வின் நிமிடத்துக்கு 540 சுற்று என்ற வேகம் இறங்கிவிடும், கட்டி உடையாது. அப்புறம் சீக்கிரம் எங்கே முடிவது? நான்கடி எடுப்பவர்கள் பின்சக்கரத் தடம் இரண்டையும் அது மூடுகிறதா என்று அளந்து பாருங்கள். என் வண்டியில் டயர் சற்று வெளியே நின்றது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் டிஸ்க்கைத் திருப்பி மாட்டி டயரை உள்ளே கொண்டுவந்தேன்.

பிளேடு எல் வடிவம். சோளத்தட்டையை நன்றாக நறுக்குகிறது.

ஆனால் ரோட்டவேட்டரை மட்டுமே வருஷம் முழுக்க ஓட்டினால் அடிமண் இறுகிவிடும். கோடை உழவுக்கு ஐந்து கொத்துக் கலப்பையைத் தனியாக வைத்திருக்கிறேன்.

மானியம் கேட்டவர்களுக்கு: வேளாண்மைப் பொறியியல் துறையில் முதலில் விண்ணப்பம், அனுமதி வந்த பிறகுதான் வாங்க வேண்டும்.